பேசுகிற பிள்ளைக்குக் காது கொடுங்கள்

(திம்புள்ளத் தோட்டப் பகுதியில், பெற்றோருக்கும் முன்பள்ளி ஆசிரியைகளுக்குமான கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



நான் இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்ட பொருள், பேச்சு. மேடைப் பேச்சைச் சொல்லவில்லை. மூன்று வயது, நான்கு வயது, ஐந்து வயதுப் பிள்ளையின் பேச்சு. காலையில் கண் விழித்ததும் தொடங்கி, இரவு கம்பளிக்குள் சுருண்டு, பாதி வார்த்தையில் தூங்கிப் போகும் வரைக்கும் ஓயாத பேச்சு. அந்தப் பேச்சை என்ன செய்வது?

இந்தக் கேள்வியை நானாகக் கொண்டு வரவில்லை. கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தவர்கள், எதைப் பற்றிப் பேசலாம் என்று தாய்மாரிடம் கேட்டிருக்கிறார்கள். பலர் சொன்ன பதில் ஒன்றுதான். "எங்க புள்ள வாய மூடவே மாட்டேங்குது. கேட்டுக் கேட்டு மண்ட வலிக்குது. அதுக்கு ஒரு வழி சொல்லச் சொல்லுங்க."

தாய்மார்களே, உங்கள் அலுப்பைச் சின்ன விஷயம் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. விடியுமுன் எழும்பி ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பிள்ளைக்குத் தலை வாரி, பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டு மலைக்கு ஓடுகிறீர்கள். ஈரப் படங்கு இடுப்பில் கனக்கிறது. அட்டை கடிக்கிறது. கிலோ குறைந்தால் அரைப் பேர், அரை நாள் சம்பளம்தான் என்ற பயம் நாள் முழுக்க நெஞ்சில் இருக்கிறது. பொழுது சாய்ந்து வந்தால், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. அதில் ஐந்து பேர், ஆறு பேர். பக்கத்துக் காம்பராவுக்கும் நமக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். இந்த நெருக்கடிக்குள் ஒரு பிள்ளை நிறுத்தாமல் பேசினால் எரிச்சல் வரத்தான் செய்யும். எரிச்சல் வருகிற தாய் கெட்ட தாய் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஆனால் அந்த எரிச்சலில் நாம் எதை அடக்குகிறோம் என்று ஒரு தடவை பார்த்துவிடலாம். பிள்ளைமடுவத்திலிருந்து லயத்துக்கு ஏறுகிற பாதை. பிள்ளை தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறது. எதிர் மலையை மூடிக்கொண்டு பனி இறங்குகிறது.

"அம்மா, பனி எங்கேருந்து வருது?"

"மலையிலேருந்து."

"மலையில யாரு கொண்டுபோய் வச்சா?"

"தெரியாது புள்ள."

"ராத்திரிக்கு அது எங்க தூங்கும்?"

"ம்ம்."

"அதுக்கும் அம்மா இருக்கா?"

"வாய மூடிக்கிட்டு வா!"

நான்கு கேள்விகள். நன்றாகக் கவனியுங்கள். முதல் கேள்வி, ஒரு பொருள் எங்கிருந்து பிறக்கிறது என்று தேடுகிறது. இரண்டாவது, அதற்குக் காரணமானவர் யார் என்று கேட்கிறது. மூன்றாவது, அது எப்படி வாழ்கிறது என்று அறியப் பார்க்கிறது. நான்காவது, தனக்குத் தெரிந்த உலகத்தோடு அதைச் சொந்தமாக்கிக்கொள்ளப் பார்க்கிறது. நான்கு வயதில் இதற்கு மேல் ஒரு மனிதனால் என்ன சிந்திக்க முடியும்?

தலவாக்கலையில், சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருப்பது உங்களுக்குத் தெரியும். 1925இல் தொடங்கிய நிறுவனம் அது. கொழுந்தில் கொப்புளம் போடுகிற நோய் 1946இல் இலங்கைக்கு வந்தபோது, பனிக்கும் ஈரத்துக்கும் வெயிலுக்கும் அந்த நோய்க்கும் என்ன உறவு என்று விஞ்ஞானிகள் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தார்கள். பனி எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எது அதைக் கலைக்கிறது? நம் பிள்ளை ஏற்றத்தில் கேட்டதும் அந்த வழியில் போகிற கேள்விதான். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நம் பிள்ளைக்கு என்ன கொடுத்தோம்?

"எனக்குப் படிப்பு இல்லையே, அது கேக்குறதுக்கெல்லாம் நான் என்னத்தச் சொல்றது?" என்று ஒரு தாய் நினைக்கலாம். அந்தத் தாய்க்காகவே ஓர் ஆராய்ச்சியைச் சொல்கிறேன். லண்டனில் பார்பரா டிசார்ட், மார்ட்டின் ஹியூஸ் என்ற இருவர், நான்கு வயது மதிக்கத்தக்க முப்பது பெண் பிள்ளைகளின் பேச்சைப் பதிவு செய்தார்கள். பாதிப் பேர் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் தாயோடு இருக்கும்போது பேசியதையும் முன்பள்ளியில் பேசியதையும் தனித்தனியே எடுத்து, 1984இல் நூலாக வெளியிட்டார்கள். வீட்டில் ஒரு பிள்ளை மணிக்குச் சராசரியாக 26 கேள்விகள் கேட்டது. அதே பிள்ளை முன்பள்ளியில் ஆசிரியையிடம் மணிக்கு 2 கேள்விதான் கேட்டது.

இருபத்தாறு எங்கே, இரண்டு எங்கே! அதே பிள்ளை, அதே வாய். படித்த ஆசிரியையிடம் அடங்கிப் போன வாய், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தாயிடம் திறந்துகொண்டது. தொழிலாளர் வீட்டுத் தாய்மாரும் பிள்ளைகளோடு வளமாகத்தான் பேசுகிறார்கள் என்பதையும் அந்த நூல் எடுத்துக்காட்டியது. பிள்ளை உங்களிடம் ஓயாமல் பேசுகிறதென்றால், உலகத்தில் யாரிடமும் இல்லாத நம்பிக்கை அதற்கு உங்களிடம் இருக்கிறது. முன்பள்ளி ஆசிரியைகளே, இந்தக் கணக்கில் உங்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. அமைதியான வகுப்பைப் பார்த்துப் பெருமைப்படுவதற்கு முன்னால், இன்றைக்கு எத்தனை பிள்ளைகள் என்னிடம் கேள்வி கேட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

"வாயை மூடு" என்ற வார்த்தை நம் லயங்களில் இவ்வளவு லேசாக வருகிறதே, அது எங்கிருந்து வந்தது? நமக்கு அதை யார் சொல்லித் தந்தார்கள்? துரைக்கு முன்னால் பேசக் கூடாது. கங்காணிக்கு எதிரில் வாய் திறக்கக் கூடாது. கடனைப் பற்றித் துண்டு எழுதித் தந்தால்தான் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியும் என்ற முறை 1921இல் ஒழிக்கப்படும் வரை இருந்தது. அந்தத் துண்டு கையில் இல்லாதவனுக்குப் பேச என்ன வாய் இருக்கும்? பேசாதவன்தான் பிழைப்பான் என்று நம் பாட்டன் கற்றுக்கொண்டான். பாட்டன் அப்பனுக்குச் சொன்னான். அப்பன் நமக்குச் சொன்னான். நாம் இன்றைக்கு நான்கு வயதுப் பிள்ளைக்குச் சொல்கிறோம். துரைக்குப் பயந்து மூடிய வாயை, சொந்தப் பிள்ளைக்கும் மூடிப் பழக்க வேண்டுமா?

அந்தக் காலத்திலும் நம் சனங்கள் பேசாமல் இருந்ததில்லை. மலையில் பாடினார்கள். தொட்டிலடியில் பாடினார்கள். தப்படித்துப் பாடினார்கள். அதைக் கேட்கிற காதுதான் இல்லாமல் இருந்தது. வட்டகொடைப் பக்கத்து மடகும்புர தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை காது கொடுத்தார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனவர் அவர். அவ்வளவு பெரிய மனிதர், எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகளின் பாட்டைக் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று அது நூலாகவும் வந்தது. யாரோ ஒருவர் உட்கார்ந்து கேட்டதால் மிஞ்சியது அந்தச் செல்வம்.

இன்னொரு காட்சிக்கு வருகிறேன். வீட்டு முன் இஸ்தோப்பில் ஒரு பையன் தனியாக உட்கார்ந்திருக்கிறான். ஒரு குச்சி, இரண்டு கல், ஒரு காலித் தீப்பெட்டி. "லொறி வருது. வளைவுல வருது. ஐயோ, சறுக்குது. பிரேக் போடு. இல்ல இல்ல, பின்னுக்குப் போ." பக்கத்தில் யாரும் இல்லை. "இந்தப் பய தனக்குத்தானே பேசுறானே, ஏதும் கோளாறா?" என்று பாட்டி பயப்படுகிறார்.

பயப்பட வேண்டியதில்லை, பாட்டி. உலகமே இதைப் பற்றி யோசித்திருக்கிறது. சுவிட்சர்லாந்தில் பியாஜே என்ற அறிஞர், ஆறு வயதுப் பிள்ளைகள் பேசுவதை எழுதி வைத்து 1923இல் ஒரு நூல் வெளியிட்டார். பிள்ளைகள் இப்படித் தமக்குத்தாமே பேசுவது, பிறர் நிலையிலிருந்து பார்க்க இன்னும் பழகாததன் அடையாளம் என்றார். ரஷ்யாவில் வைகாட்ஸ்கி என்பவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளை வாயால் சிந்திக்கிறது என்றார். பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லிவிட்டு, தேவையான நிறப் பென்சில் கிடைக்காமல் செய்து பார்த்தார். வேலை சிக்கலானதும் தனக்குத்தானே பேசுகிற பேச்சு ஏறக்குறைய இரண்டு மடங்காகியது. ஐந்தரை வயதுப் பிள்ளை ஒன்று டிராம் வண்டி வரைந்துகொண்டிருந்தபோது பென்சில் உடைந்தது. "உடைஞ்சு போச்சு" என்று முணுமுணுத்துவிட்டு, வர்ணத்தை எடுத்து உடைந்துபோன டிராம் வண்டி ஒன்றை வரைந்து முடித்தது. பென்சிலுக்குச் சொன்ன வார்த்தை படத்துக்கு யோசனையாகிவிட்டது! வைகாட்ஸ்கி 37 வயதில், 1934இல் காசநோயால் இறந்தார். அவர் சொன்னதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. இன்றைக்கு இஸ்தோப்பில் உரக்கப் பேசுகிற பையன், கொஞ்ச வருஷத்தில் அதையே மனதுக்குள் பேசுவான். அதற்குத்தான் யோசிப்பது என்று பெயர். பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

அப்படியானால் பிள்ளை எந்நேரமும் பேசட்டும், நாம் எந்நேரமும் கேட்க வேண்டும் என்று சொல்கிறேனா? முடியுமா? முடியாது. கவ்வாத்து வெட்டுகிறவர் செடியை வேரோடு பிடுங்குவதில்லை, காடாக வளரவும் விடுவதில்லை. பேச்சுக்கும் அந்தக் கைப்பக்குவம் வேண்டும்.

முதலில், வீட்டுக்கு வந்ததும் ஒரு பத்து நிமிஷம் பிள்ளைக்கென்று கொடுத்துவிடுங்கள். கூடையை இறக்கி, சாயத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டு, பிள்ளையின் முகத்தைப் பார்த்து உட்காருங்கள். அடுப்பு கொஞ்சம் பிந்தட்டும். நாள் முழுக்கத் தாயைப் பார்க்காத பிள்ளை அது. அதன் நெஞ்சில் ஒரு நாளின் கதை நிறைந்து கிடக்கிறது. அரைக் காதால் இரண்டு மணி நேரம் கேட்பதைவிட, முழுக் காதால் பத்து நிமிஷம் கேட்பது பிள்ளையை ஆற்றும். அதன் பிறகு, "அம்மா சோறாக்கணும், நீ அரிசியில கல்லுப் பொறுக்கு" என்று சொளகைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கைக்கு வேலை வந்தால் வாயின் வேகம் தானாகக் குறையும்.

பெரியவர்கள் பேசும்போது நடுவில் பாய்கிற பிள்ளைக்கு ஒரு பழக்கம் சொல்லிக் கொடுக்கலாம். பேச வேண்டுமானால் அம்மாவின் மணிக்கட்டில் கையை வைக்க வேண்டும். அம்மா அந்தக் கையை ஓர் அழுத்து அழுத்துவார். 'நீ இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், பொறு' என்பது அதன் பொருள். பேசிக்கொண்டிருந்ததை முடித்ததும் உடனே திரும்பி, "இப்பச் சொல்லு" என்று கேட்க வேண்டும். அந்த 'உடனே' முக்கியம். முதல் நாட்களில் அரை நிமிஷத்துக்கு மேல் காக்க வைக்காதீர்கள். காத்திருந்தால் முறை வரும் என்று கண்ட பிள்ளை காத்திருக்கும். வராது என்று கண்ட பிள்ளை கத்தும்.

கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் வெட்கப்பட என்ன இருக்கிறது? "எனக்குத் தெரியல புள்ள, நீ என்ன நெனைக்கிற?" என்று கேளுங்கள். பனி எங்கே தூங்கும் என்று அதுவே சொல்லும். சொன்னது தப்பானாலும் சிரிக்காதீர்கள்.

பேச்சை நிறுத்துவதற்காகக் கையில் போனைக் கொடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் திரைக்கு முன் உட்காரும் நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. போன் பிள்ளையை அடக்கும், உண்மைதான். ஆனால் பிள்ளை கேட்ட கேள்விக்கு அது காத்திருந்து பதில் சொல்லாது.

தாய் ஒருத்தியே எல்லாவற்றையும் கேட்க வேண்டுமா? தகப்பன்மார்களே, உங்களுக்கும் இரண்டு காது இருக்கிறது. வேலை முடித்துப் பீலிக்கரையில் குளிக்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போங்கள். தாய் கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை செய்கிற வீடுகளில், பாட்டிமார்தான் தாயாக இருக்கிறீர்கள். உங்களிடம் காமன் கூத்துக் கதை இருக்கிறது, பொன்னர் சங்கர் கதை இருக்கிறது, விடுகதை இருக்கிறது. ஒரு விடுகதை போட்டால், விடை தேடிப் பிள்ளை கொஞ்ச நேரம் யோசிக்கும். வாயாடிப் பிள்ளை தானாக அமைதியாகிற நேரம் அது.

இனிச் சொல்லப் போவது கொஞ்சம் கசக்கும். பேசுகிற பிள்ளை வீட்டு விஷயத்தை வெளியே சொல்லிவிடும். "எங்கப்பா நேத்து குடிச்சிட்டு வந்து அம்மாவ அடிச்சாரு" என்று பிள்ளைமடுவத்தில் நாலு பேர் முன்னால் சொல்லிவிடும். மானம் போய்விட்டதென்று அந்தப் பிள்ளையை வாயிலேயே அடிக்கிற வீடுகள் உண்டு. பெரியோர்களே, தப்பு எங்கே இருக்கிறது? சொன்ன வாயிலா, அடித்த கையிலா? பிள்ளையின் வாயை அடைத்தால் வீடு திருந்திவிடாது. பிள்ளை சொன்னதைக் கேட்டு வெட்கப்படுகிற தகப்பன், இரவில் சாராயக் கடைப் பக்கம் போகாமல் வீட்டுக்கு வரட்டும். நான் இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. பிள்ளைக்கு ஒருவர் கெடுதல் செய்தால், அதை நமக்கு யார் சொல்வது? பிள்ளைதான் சொல்ல வேண்டும். பனியைப் பற்றியும் நாய்க்குட்டியைப் பற்றியும் பேசியபோது காது கொடுத்த தாயிடம்தான், யாரோ தொட்டதைப் பற்றியும் பிள்ளை சொல்லும். சின்னக் கதைக்கெல்லாம் "வாய மூடு" என்று அடி வாங்கிய பிள்ளை, பெரிய கதையையும் விழுங்கிவிடும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி எண் 1929. நாலு இலக்கம்தான். தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை நாம் அழைப்பதற்கு முன்னால், பிள்ளை நம்மை அழைத்திருக்க வேண்டும்.

சில பிள்ளைகளின் பேச்சை வேறு கண்ணோடும் பார்க்க வேண்டியிருக்கிறது. எப்போதும் சத்தம் போட்டே பேசுகிற பிள்ளைக்கு, கேட்பதில் குறை இருக்கலாம். நம் குளிரில் சளி பிடித்து, அடிக்கடி காதில் சீழ் வடிகிற பிள்ளைகளை விசேஷமாகக் கவனியுங்கள். நிறையப் பேசியும் நாம் சொல்வதற்குப் பதிலே தராத பிள்ளை, கேட்டதையே திரும்பத் திரும்பச் சொல்கிற பிள்ளை, பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று அடங்கிப் போன பிள்ளை, இவர்களைக் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அவசரத்தில் வார்த்தை திக்குகிற சின்னப் பிள்ளையை "ஒழுங்காப் பேசு" என்று அதட்ட வேண்டாம். அவசரப்படாமல் கேட்டிருங்கள். பலருக்கு அது தானாக மாறும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் வைத்தியரிடம் போக வேண்டும்.

பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலிருந்து வந்திருக்கும் ஆசிரிய மாணவர்களே, இரண்டொரு வருஷத்தில் இந்தப் பிள்ளைகள் உங்கள் முதலாம் வகுப்பில் வந்து உட்காருவார்கள். "மலைக்குப் போயிருக்காக" என்று லயத்துப் பேச்சில் பேசுவார்கள். பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளையிடம் கற்ற வார்த்தையையும் நடுவில் சேர்ப்பார்கள். "இது என்ன தமிழ்?" என்று கேட்டுவிடாதீர்கள். ஒரு தடவை கேட்டால் போதும், அந்த வாய் பத்தாம் வகுப்பு வரை திறக்காது. இந்த மலைக்கு வந்த நம் இருநூறு வருஷக் கதையைச் சொல்வதற்காக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் சனங்கள் நடந்தார்களே, எதற்கு? எங்கள் குரலையும் கேளுங்கள் என்று நாட்டைப் பார்த்துச் சொல்வதற்குத்தானே? அந்தக் குரலில் மிக இளைய குரல் உங்கள் வகுப்பில் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ரஷ்யாவில் கோர்னி சுக்கோவ்ஸ்கி என்ற எழுத்தாளர், பிள்ளைகள் பேசுவதை வருஷக்கணக்கில் எழுதிச் சேர்த்து, 'இரண்டிலிருந்து ஐந்து வரை' என்று ஒரு நூலே ஆக்கினார். நம் பிள்ளைகள் பேசுவதை இதுவரை யார் எழுதியிருக்கிறார்கள்? ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொப்பி வையுங்கள். தாய்க்கு எழுத வராவிட்டால், எட்டாம் வகுப்புப் படிக்கிற அக்கா எழுதட்டும், அண்ணன் எழுதட்டும். வாய் ஓயாத தங்கச்சி இன்றைக்குச் சொன்னதில் ஒன்றே ஒன்று, அவள் சொன்ன மாதிரியே, திருத்தாமல், திகதி போட்டு எழுதுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை அந்தக் கொப்பிகளைப் பிள்ளைமடுவத்துக்குக் கொண்டு வந்து எல்லோரும் வாசித்துக் கேளுங்கள். ஆசிரிய மாணவர்கள் அவற்றைத் தொகுக்க முன்வர வேண்டும். தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கத் தலைவர்களும் அந்தக் கொப்பிகளுக்கான செலவை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன். பெரிய செலவில்லை. இந்த மாதமே தொடங்குங்கள்.